தளவாய்புரத்து வீடுகளில் வைஃபை: ரவுட்டர் தேர்வு பற்றிய பட்சங்களும் அவற்றின் பலாபலமும்

வினாவும் அதன் பழமையும்

ஒரு வீட்டில் கம்பியில்லா இணைப்பு மூலை முடுக்கெல்லாம் எட்ட வேண்டும், அதே சமயத்தில் கணநேரத் தாமதமும் பொறுக்காத இணைய விளையாட்டும் அதன் வழியே இடையூறின்றி நடைபெற வேண்டும் என்றால், எவ்வகை ரவுட்டரைத் தெரிந்தெடுப்பது என்னும் வினா, கடைக்காரரிடம் கேட்டு உடனே விடை பெற்றுவிடக்கூடிய சிறு விஷயம்போலத் தோன்றினும், பல ஆண்டுகளாகப் பொறியியலாளரும் வணிகரும் சட்டம் வகுப்போரும் ஒன்றோடொன்று முரண்பட்ட விடைகளைச் சொல்லி வந்திருக்கும் வினாவாகும். அவ்விடைகளில் எது எங்கே பிறந்தது, எவ்வளவு தூரம் மெய், எந்த இடத்தில் வலுவிழக்கிறது என்பதை, ராஜபாளையம் வட்டத்துத் தளவாய்புரம் போன்ற ஓர் ஊரை மனத்தில் இருத்திக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தளவாய்புரம், பெண்கள் அணியும் நைட்டி முதலான ஆயத்த ஆடைகளைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் தொழிலால் பெயர் பெற்ற ஊர். தொழிலும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும் இத்தகைய ஊர்களில், முன்கட்டில் தையல் இயந்திரங்களும், மாடியறையில் பிள்ளைகளின் படிப்பும் விளையாட்டும், பின்கட்டு அடுக்களையில் கைப்பேசியும் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுச் சுவர்களோடு ஒட்டி, தெருவிலிருந்து உள்நோக்கி நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் அமைந்த செங்கல் வீடுகளில் அலை செல்ல வேண்டிய வழி நேர்வழியாக இருப்பதில்லை. மேலைநாட்டு மரப்பலகைச் சுவர்களை மனத்தில் வைத்து அட்டைப் பெட்டியின்மீது அச்சிடப்படும் ‘இத்தனை சதுர அடி’ என்ற வாக்குறுதி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட நம் வீடுகளுக்குப் பொருந்துவது அரிது.

சுவரைக் கடக்கும் அலை என்பது இந்திய மண்ணுக்குப் புதிதன்று. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத குற்றலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். தரவைப் பொதிகளாக்கி வானலையில் அனுப்பும் முறை 1971-இல் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் ஹவாய்த் தீவுகளில் நடைமுறைக்கு வந்தது. ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் கழகம் 802.11 என்ற தர நிர்ணயத்தை 1997-இல் வெளியிட்டபோது அதன் உச்ச வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். தென் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றுக்குக் கம்பியில்லா இணையம் வந்தது வைஃபையின் வாயிலாக அன்று; சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் சாதனத்தைக் கொண்டு, 2001-ஐ ஒட்டி மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே பார்வை மறையாதிருக்க வேண்டும் என்பது அம்முறையின் நிபந்தனை. இடையில் நிற்பது எது என்பதே அலையின் விதியை நிர்ணயிக்கிறது என்ற பாடம் அன்றே கிடைத்திருந்தது.

வீட்டு ரவுட்டர் இந்தியாவில் சட்டப்படி தடையற்ற சாதனமானதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்ற மத்திய அரசின் அறிவிப்பும், பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் பிராட்பேண்ட் சேவையும் 2005 ஜனவரியில் ஒருசேர வந்தன. அக்காலத்தில் பிராட்பேண்ட் எனப்பட்டது விநாடிக்கு 256 கிலோபிட். அவ்வளவு மெல்லிய ஓடைக்கு எந்த ரவுட்டரும் போதுமானதாக இருந்தது. ஃபைபர் இணைப்பு வந்து, ஓடை ஆயிரம் மடங்கு பெருகிய பின்பே வீட்டுக்குள் இருக்கும் கடைசிப் பத்து மீட்டர் இக்கட்டான பகுதியாயிற்று.

ஆற்றலே பிரதானம் என்னும் பட்சம்

மிகப் பழையதும் கடைகளில் இன்றும் செல்வாக்கு மிக்கதுமான அபிப்பிராயம், சிக்னல் குறைவென்றால் அதிக ஆற்றலுடன் ஒலிபரப்பும் பெட்டியை, அதிக ஆன்டெனாக்கள் உள்ள பெட்டியை வாங்க வேண்டும் என்பதாகும். வானொலி நிலையங்களின் காலத்திலிருந்து வந்த எண்ணம் இது. வானொலி ஒருவழிப் பாதையாதலால் அங்கே அது முற்றிலும் சரி.

வைஃபை இருவழிப் பாதை. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கைப்பேசி தன் சிறிய மின்கலத்தைக் கொண்டு மெல்லிய குரலிலேயே மறுமொழி சொல்லும். அந்த மறுமொழி ரவுட்டருக்கு எட்டாவிட்டால், திரையில் நான்கு கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் இணைப்பு தடுமாறும். விளையாட்டில் விரல் அழுத்தும் ஒவ்வோர் அழுத்தமும் கைப்பேசியிலிருந்து புறப்படும் செய்தியே ஆகையால், இந்தக் குறை விளையாடுவோரையே முதலில் தாக்குகிறது. மேலும் ஆற்றலுக்குச் சட்டத்தின் உச்சவரம்பு உண்டு: 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பியின் ஆற்றல் 1 வாட், ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்தால் 4 வாட் என்பது எல்லை. விளம்பரம் எத்தகையதாயினும் எல்லாப் பெட்டிகளும் அந்த வேலிக்குள்ளேயே நிற்கின்றன.

ஆன்டெனாவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை; இருக்கும் ஆற்றலை ஒரு திசையில் குவிக்கிறது, அவ்வளவே. நிமிர்ந்து நிற்கும் கோல் ஆன்டெனா, தன்னைச் சுற்றிலும் கிடைமட்டமாக அலையைப் பரப்பி, தன் உச்சிக்கு நேர்மேலே மிகக் குறைவாகவே விடுகிறது. குவிப்பு எண் கூடக் கூட அப்பரப்பு மேலும் தட்டையாகிறது. ஆகவே கீழ்த்தளத்துப் பெட்டிக்கு நேர்மேலே மாடியறை இருக்கும் வீட்டில், அதிகக் குவிப்புள்ள ஆன்டெனா நன்மைக்குப் பதில் தீங்கே செய்யக்கூடும். ஒன்றிரண்டு ஆன்டெனாக்களைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது அங்கே செலவில்லாத உபாயம்.

ஒரு கணக்கை நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டு டெசிபெல்லில் அளக்கும் முறையில், 3 டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. பெட்டியிலிருந்து 20 என்ற அளவில் அலை புறப்படுகிறது என்றும், கைப்பேசி பத்து மீட்டர் தொலைவில், இரண்டு செங்கல் சுவர்களுக்கு அப்பால் இருக்கிறது என்றும் கொள்வோம். வெட்டவெளியிலேயே பத்து மீட்டருக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 60 டெசிபெல்லும், 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 67 டெசிபெல்லும் இழந்துவிடும். சுவர் ஒன்றுக்கு முன்னதில் 7, பின்னதில் 12 என்று உத்தேசமாக வைத்தால், கைப்பேசியை அடையும்போது 2.4-இல் கழித்தல் 54 ஆகவும், 5-இல் கழித்தல் 71 ஆகவும் சிக்னல் நிற்கும். குரல் உரையாடலுக்கும் விளையாட்டுக்கும் கழித்தல் 67-க்குக் கீழே இறங்கலாகாது என்பது துறையினர் பொதுவாகக் கொள்ளும் அளவு. இடையில் ஒரு கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் வந்துவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கைக்கு எட்டாமலே போகலாம். சுவரின் கனம், காரை, ஈரம் ஆகியவற்றுக்கு ஏற்ப இவ்வெண்கள் பெரிதும் மாறும். ஆயினும் பெட்டியின் ஆற்றலை இரு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். பெட்டியை ஒரு சுவர் தாண்டி நகர்த்தினால் கிடைப்பது அதனினும் பல மடங்கு என்பது மாறாது.

நடைமுறையில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறு. ஃபைபர் கம்பி தெருவிலிருந்து எந்தச் சன்னலின் வழியே நுழைகிறதோ அந்த மூலையிலேயே, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ பரணுக்கு அடியிலோ பெட்டியைப் பொருத்திவிடுவது வழக்கமாகிவிட்டது; அங்கிருந்து வீசும் அலையில் ஏறத்தாழப் பாதி தெருவுக்கும் அண்டை வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. கூடுதலாகச் சில மீட்டர் ஃபைபர் இழுத்து வீட்டின் நடுக்கூடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பெட்டியை வைக்கும்படி இணைப்புத் தர வருபவரிடம் முதல்நாளே வற்புறுத்திக் கேட்பது, புதிய ரவுட்டர் வாங்குவதைவிடப் பெரும் பயன் தரும் செயல் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

புதிய தலைமுறையை நம்புவோர்

இரண்டாவது பட்சம், பழைய தொழில்நுட்பத்தோடு போராடுவதை விட்டுப் புதிய தலைமுறைப் பெட்டியை வாங்க வேண்டும் என்கிறது. 1999-இல் வந்த 802.11பி முதல், 2009-இன் 802.11என், 2013-இன் ஏசி, 2021-இல் இறுதி வடிவம் பெற்ற ஏஎக்ஸ் என்னும் வைஃபை 6, 2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7 வரை ஒவ்வொன்றும் முந்தையதை விஞ்சியதாகவே அறிமுகப்படுத்தப்பட்டது. பெரும்பாலும் அக்கூற்று உண்மையும்கூட.

இவ்வளர்ச்சியில் தமிழர் பெருமைப்படத்தக்க ஒரு பகுதி உண்டு. பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தரவோடைகளை அனுப்பலாம் என்ற கருத்தை முன்வைத்து, தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1994-இல் காப்புரிமை பெற்றார். சுவர்களிலும் தூண்களிலும் மோதித் திரும்பும் எதிரொலிகள் அதுவரை தீமையாகவே கருதப்பட்டன; அவ்வெதிரொலிகளே ஓடைகளைப் பிரித்தறிய உதவும் என்று காட்டியது அந்தக் கருத்தின் பெருமை. மைமோ எனப்படும் இம்முறை 802.11என் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. 2014-இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் ரவுட்டரில் எட்டு ஆன்டெனாக்கள் இருந்தாலும், கையில் இருக்கும் கைப்பேசியில் பெரும்பாலும் இரண்டே உள்ளன. ஆகவே ஒரு கைப்பேசிக்கு இரண்டு ஓடைகளுக்கு மேல் செல்வதில்லை. மிகுதி ஆன்டெனாக்களால் அலையை ஓரளவு கைப்பேசியை நோக்கிக் குவிக்க முடியும் என்பது மெய். விலை உயரும் விகிதத்தில் பயன் உயர்வதில்லை என்பதும் மெய்.

புதிய தலைமுறைகளின் மற்றொரு பலம் புதிய அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. புளூடூத் காதணியும், மைக்ரோவேவ் அடுப்பும், ஒட்டுச்சுவர்களுக்கு இருபுறமும் உள்ள அண்டை வீட்டுப் பெட்டிகளும் அங்கேதான் நெரிகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் ஏராளம். 2018 அக்டோபரில் வெளியான அறிவிப்பு அதன் பெரும்பகுதியை இந்தியாவில் உரிமமின்றித் திறந்துவிட்டது. சுவரை ஊடுருவுவதில் பின்தங்கினாலும், நெரிசல் இன்மையால் தாமதம் சீராக இருப்பதால், விளையாடுவோருக்கு 5 கிகாஹெர்ட்ஸே உகந்தது என்பதில் ஏறத்தாழக் கருத்தொற்றுமை உண்டு. அந்த அலை சுவருக்கு அப்பால் தேய்ந்துபோவது அண்டை வீட்டாருக்கும் நமக்கும் ஒருங்கே அனுகூலமாவதை மறந்துவிடலாகாது. 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாருக்கென ஒதுக்கப்பட்ட தடங்களைப் பயன்படுத்தும் பெட்டி, ரேடாரின் அலையை உணர்ந்தவுடன் தடம் மாறியாக வேண்டும். புதிய தடமும் அவ்வகையைச் சேர்ந்ததாயின் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க நேரும். ஆட்டத்தின் நடுவே காரணமின்றி இணைப்பு அறுபடும் வீடுகளில், 36 முதல் 48 வரையிலோ 149-க்கு மேலோ உள்ள தடத்தைக் கையால் நிர்ணயித்துப் பார்ப்பது தகும்.

வைஃபை 7-ஐப் பற்றிச் சற்று நிதானம் வேண்டும். அதன் விளம்பரத்துக்கு ஆதாரமான 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயலும். அவ்வலைவரிசையின் கீழ்ப்பகுதியான 500 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. அந்த 500-க்குள் 320 அகலத் தடம் ஒன்றே அடங்கும். இங்கே விற்கப்படும் வைஃபை 7 பெட்டிகள் பல, 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியே இல்லாத இரு அலைவரிசைப் பெட்டிகள் என்பதை வாங்குவோர் அட்டையின் பின்புறத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல பெட்டிகளும் ஒரு கம்பியும்

ஒரு பெட்டியால் இயலாததைப் பல பெட்டிகளால் சாதிப்பது மூன்றாவது பட்சம். முன்பு ரிப்பீட்டர் என்ற பெயரிலும், 2016-ஐ ஒட்டி மெஷ் என்ற பெயரிலும் இது பரவியது. வேறுபாடு இல்லாமல் இல்லை: மெஷ் பெட்டிகள் தமக்குள் கலந்து பேசி, நடமாடும் கைப்பேசியை ஒன்றிடமிருந்து மற்றொன்றிடம் ஒப்படைக்கின்றன. ஆயினும் இரண்டாம் பெட்டிக்கு முதற்பெட்டியிடமிருந்து தரவு, கைப்பேசியோடு பேசும் அதே தடத்தில் வானலை வழியே வருமானால், ஒரே செய்தி இருமுறை ஒலிபரப்பாக வேண்டும். வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது, தாமதமும் கூடுகிறது. சிக்னல் இல்லாத அறையில் பெட்டியை வைத்தால் அதற்கே சிக்னல் கிடைக்காது என்ற எளிய உண்மையும் பல வீடுகளில் கவனிக்கப்படுவதில்லை. இரண்டாம் பெட்டி பாதி வழியில் நிற்க வேண்டும்.

இக்குறைகளையெல்லாம் ஒரு கம்பி நீக்கிவிடுகிறது. நூறு மீட்டர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் கடத்தக்கூடிய கேட் 5ஈ அல்லது கேட் 6 கம்பியைக் கூடத்திலிருந்து மாடிக்குச் செலுத்தி, அங்கே ஓர் எளிய ரவுட்டரை அணுகுமுனையாக மாற்றி வைத்தால், விலையுயர்ந்த மெஷ் சாதனத்துக்கு இணையான, பெரும்பாலும் அதனினும் சீரான பலன் கிடைக்கும். விளையாடும் கணினியையோ கன்சோலையோ அக்கம்பியிலேயே நேராகப் பொருத்திவிட்டால், அதைப் பொறுத்தவரை வானலை பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அநாவசியமாகிறது. கைப்பேசியில் விளையாடுவோருக்கு இவ்வாய்ப்பு எளிதில் இல்லை. நம் ஊர்களில் விளையாடுவோரில் மிகப் பலர் அவர்களே என்பதால் கம்பிக் கட்சியின் வாதம் முழு வெற்றி பெறவில்லை.

கம்பி இழுப்பவர்கள் ஓர் அபாயத்தை நினைவில் வைக்க வேண்டும். மொட்டைமாடி வழியாகவோ இரு கட்டடங்களுக்கு நடுவிலோ தொங்கவிடப்படும் செப்புக் கம்பி, ஐப்பசி கார்த்திகை இடிமழையில் மின்னலின் தூண்டுதலை உள்ளே கொண்டுவந்து இரு முனைச் சாதனங்களையும் கெடுக்கக்கூடும். வீட்டுக்கும் அதை அடுத்த தையற்கூடத்துக்கும் இடையே இணைப்பு வேண்டுமெனில், மின்சாரம் கடத்தாத ஃபைபரை இழுப்பதே தக்கது.

வரிசை பற்றிய சித்தாந்தம்

இதுவரை கண்ட மூன்று பட்சங்களும் சிக்னல் என்ற ஒன்றையே சுற்றி வருகின்றன. விளையாட்டுக்குத் தேவையானது வேறு. பெரும்பாலான இணைய விளையாட்டுகள் நடந்துகொண்டிருக்கும்போது செலவிடும் தரவு விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. அவற்றுக்கு வேண்டியது அச்சிறு செய்திகள் நேரந்தவறாது போய்ச் சேர்வது. விநாடிக்கு அறுபது காட்சிகள் ஓடும் திரையில் ஒரு காட்சியின் ஆயுள் ஏறத்தாழ 17 மில்லிசெகண்டு. வாலரன்ட் என்னும் விளையாட்டின் சர்வர் விநாடிக்கு 128 முறை உலகின் நிலையைக் கணக்கிடுகிறது. இந்த அளவுகோலில் நூறு மில்லிசெகண்டு என்பது நெடுங்காலம்.

தாமதத்தில் ரவுட்டரால் குறைக்க முடியாத பங்கு ஒன்று உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கவுன்ட்டர் ஸ்டிரைக் விளையாட்டின் சர்வர்கள் சென்னையிலும் மும்பையிலும், வாலரன்ட்டின் சர்வர்கள் மும்பையிலும் உள்ளன. தளவாய்புரத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர், மும்பை சுமார் 1,200 கிலோமீட்டர். போய்வர முறையே 5, 12 மில்லிசெகண்டு என்பது இயற்கை விதித்த குறைந்தபட்சம். கம்பி செல்லும் சுற்றுவழியும் இடையிலுள்ள நிலையங்களும் அதை இரண்டு மூன்று மடங்காக்கலாம். ‘பிங்கை’, அதாவது செய்தி போய்வரும் நேரத்தை, குறைக்கும் என்று விற்கப்படும் எந்தப் பெட்டியும் இந்தத் தூரத்தைச் சுருக்காது.

எஞ்சிய பங்கு இரண்டு இடங்களில் விளைகிறது. முதலாவது வானலை. வைஃபையில் ஒரே தடத்திலுள்ள சாதனங்களுள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றே பேச இயலும். செய்தி மோதிச் சிதைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும், ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் கால எல்லை இரட்டிக்கும். பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தொலைவில் பலவீனமான சிக்னலோடு மெதுவாகப் பேசும் ஒரே ஒரு சாதனம், அருகிலுள்ள வேகமான சாதனங்கள் அனைத்தையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடுவதைக் காட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நகரும் ரத வீதியில், பின்னால் வரும் வண்டி எதுவாயினும் தேரின் நடைக்கே நடக்க வேண்டியிருப்பதைப் போன்றது இது. ஆகவே மாடியறையில் விளையாடுவோனின் இடர்ப்பாட்டுக்குக் காரணம் அடுக்களை மூலையில் தத்தளிக்கும் ஒரு பழைய கைப்பேசியாகவும் இருக்கலாம். சிக்னல் பற்றிய வினாவும் விளையாட்டு பற்றிய வினாவும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே.

இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கும் வரிசை. முன்கட்டில் புதிய நைட்டி மாதிரிகளின் காணொளிகளை வெளியூர் மொத்த வியாபாரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், வெளிச்செல்லும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றும், பெட்டியின் நினைவகத்தில் ஒரு மெகாபைட் அளவு செய்திகள் வரிசையில் நிற்கின்றன என்றும் கொள்வோம். மாடியிலிருந்து வரும் விளையாட்டின் சிறு செய்தி அவ்வரிசையின் கடைசியில் போய் நின்றால், அது வெளியேற 400 மில்லிசெகண்டு ஆகும். சிக்னல் முழுமையாக இருக்கிறது. வேகச் சோதனையும் குறை காட்டவில்லை. ஆனால் ஆட்டத்தில் ‘லேக்’ எனப்படும் தாமதத் தடுமாற்றம். நினைவகத்தின் விலை மலிந்ததால் உற்பத்தியாளர்கள் வரிசையை வரம்பின்றி நீளவிட்டதே காரணம் என்பதை 2010-11-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் எடுத்துக்காட்டி, பஃபர்புளோட் என்று அதற்குப் பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற பரிகாரத்தை வெளியிட்டனர்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதை விட்டு, ஒரு செய்தி எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, நெடுநேரம் நின்றால் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புவோரை நிதானிக்கச் செய்வது. ஒவ்வொரு ஓடைக்கும் தனி வரிசை வகுக்கும் அதன் விரிவு 2018-இல் இணையப் பொறியியல் குழுவின் சோதனைநிலை ஆவணமாக வெளியாயிற்று. வானலையின் நேரத்தைச் சாதனங்களுக்கிடையே நியாயமாகப் பங்கிடும் முறையை டோக்கே ஹோய்லன்ட்-யோர்கென்சன் முதலியோர் 2017-இல் விளக்கினர்.

இம்முறைகளைப் பெரும்பாலும் இலவசமாகவே உலகுக்கு அளித்தவர்கள், 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த மென்பொருள் இயக்கங்களைச் சேர்ந்தோர். ஒரு வணிக நிறுவனத்தின் ஆதாயத்துக்காக அன்றி, முகமறியாத வீடுகளில் உரையாடலும் விளையாட்டும் தடைபடாதிருக்க வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அவர்களுடைய பணி, நம்மிடையே உரிய அளவில் பேசப்படவில்லை.

இச்சித்தாந்தத்துக்கும் எல்லைகள் உண்டு. வரிசையை ஆள வேண்டுமெனில், நெருக்கடி நிகழும் இடம் அந்தப் பெட்டியாகவே இருக்க வேண்டும். அதன்பொருட்டு இணைப்பின் வேகத்தைவிட ஐந்து பத்து விழுக்காடு குறைவாக ஓடவிட வேண்டும். ஒவ்வொரு செய்தியையும் ஆராய்வதால் செயலியின் உழைப்பு மிகுந்து, மலிவான பெட்டிகள் விநாடிக்குச் சில நூறு மெகாபிட்டுக்கு மேல் தாங்குவதில்லை. இணைப்பு நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டரை வைக்கும்போது, முன்னதைச் செய்தியைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றாவிட்டால் முகவரி மாற்றம் இருமுறை நிகழ்ந்து, நண்பர்களோடு நேரடியாக இணையும் சில விளையாட்டுகள் தடுமாறும். நிறுவனமே பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளித்திருந்தால் எந்த ரவுட்டரும் அதை மாற்ற இயலாது.

கேமிங் ரவுட்டர் என்னும் சரக்கு

கூரிய வடிவமும் வண்ண விளக்குகளும் கொண்டு ‘கேமிங்’ என்ற அடைமொழியோடு விற்கப்படும் பெட்டிகளை முற்றிலும் தள்ளிவிடுவது நியாயமாகாது. அவற்றுள் சிலவற்றில் வலுவான செயலியும், விளையாட்டுச் செய்திகளை முன்னே அனுப்பும் ஏற்பாடும் உள்ளன. ஆனால் வரிசையைச் சீராக ஆளும் பெட்டியில் தனிச்சலுகை ஏறத்தாழத் தேவைப்படுவதில்லை; வரிசையை ஆளாத பெட்டியில் சலுகை பெற்ற செய்தியும், அப்பெட்டியைத் தாண்டியவுடன் அடுத்த வரிசையில் போய் நிற்கிறது. ஆகவே வாங்குவோர் கேட்க வேண்டியவை: கோடெல், கேக் போன்ற வரிசை முறைகளுள் ஏதேனும் இருக்கிறதா, அதை இயக்கியபின் எவ்வளவு வேகம் தாங்கும், மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பனவே.

விளையாட்டு வீண்பொழுது, அதற்கென ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து, மின்விளையாட்டைத் தனியே அங்கீகரித்திருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் வேறு: விளையாட்டுக்குத் தாமதமற்ற இணைப்பு, காணொளி வழியே மருத்துவரிடம் பேசும் முதியவருக்கும், இணைய வகுப்பில் வினாக் கேட்கும் மாணவிக்கும் அதே அளவு பயன்படும். வலைப்பின்னலின் குறைகளை விளையாட்டைப் போல ஈவிரக்கமின்றி வெளிப்படுத்தும் பரீட்சை வேறில்லை.

மின்தடை பற்றியும் ஒரு சொல். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குவதால், கையளவு லித்தியம் மின்கலப் பெட்டி ஒன்றே சில மணி நேரம் அதைத் தாங்கும். வீடுவரை வரும் ஃபைபரின் வழியில் மின்சாரம் வேண்டும் சாதனங்கள் இல்லாதபடி அமைந்திருக்குமானால், நிறுவனத்தின் முனையில் மாற்று மின்சாரம் உள்ள வரை இணைப்பும் தொடரும்.

இன்னும் தீராதவை

சிக்னலைப் பொறுத்தவரை, பெட்டியின் தரத்தைவிட அதன் இடமும் எண்ணிக்கையும் மேலானவை என்பதும், விளையாட்டைப் பொறுத்தவரை வேகத்தைவிட வரிசையும் வானலை நேரப் பங்கீடும் மேலானவை என்பதும், இன்று கிடைக்கும் பிரமாணங்களைக் கொண்டு ஓரளவு துணிந்து சொல்லத்தக்கவை. 6 கிகாஹெர்ட்ஸ் பற்றி அவ்வாறு சொல்லிவிட முடியாது. 2025-இன் வரைவு விதிகள் அதைக் குறைந்த ஆற்றலில் வீட்டுக்குள்ளும், மிகக் குறைந்த ஆற்றலில் வெளியிலும் பயன்படுத்த வகை செய்தன. 5 கிகாஹெர்ட்ஸே இரண்டு செங்கல் சுவர்களில் களைத்துவிடும் வீடுகளில் இப்புதிய அலைவரிசை ஓர் அறைக்கு ஒரு பெட்டி என்ற நிலையை உண்டாக்குமா, அல்லது பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடைவழியாக மட்டுமே பயன்படுமா என்பது தென்மாவட்ட வீடுகளில் அளந்து பார்த்தே தீர்மானிக்கப்பட வேண்டியது. வைஃபை 7-இன் பல்லிணைப்பு முறை, ஒரே நேரத்தில் இரு அலைவரிசைகளைப் பயன்படுத்தித் தாமதத்தைச் சீராக்கும் என்ற எதிர்பார்ப்பும், கைப்பேசிகள் இரண்டிலும் ஒருங்கே பேசும் ஆற்றலைப் பெறுவதைப் பொறுத்திருக்கிறது. 2023 ஜனவரியில் ஆவணமாக்கப்பட்ட எல்4எஸ் என்னும், வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் முறையோ, விளையாட்டு நிறுவனம், இணைப்பு நிறுவனம், ரவுட்டர் உற்பத்தியாளர் மூவரும் உடன்பட்டாலன்றி முழுப் பயன் தராது. அம்மூவரில் யார் முதலில் செலவை ஏற்பது என்ற கேள்விக்குப் பொறியியலில் விடையில்லை.